கௌராமிக் குஞ்சுகளும் வாழைப்பழத் தோலும்

என் வீட்டில் முத்து கௌராமி என்னும் வண்ண மீன் இணை முதன்முதலாக முட்டையிட்டபோது 600-க்குக் குறையாத குஞ்சுகள் பொரிந்தன. ஏழாம் நாள் காலையில் அவற்றில் ஒன்றுகூட உயிரோடு இல்லை. கொளத்தூரில் சிறு மீன்களாக வாங்கி வந்து ஓராண்டு வளர்த்து, ஆண் மீன் நீர்ப்பரப்பில் நுரைக்கூடு கட்டுவதை வேலைக்கும் போகாமல் உட்கார்ந்து பார்த்த எனக்கு, அந்தக் குஞ்சுகள் எதைத் தின்னும் என்ற கேள்வி முட்டை பொரிந்த பிறகே தோன்றியது. வண்ண மீன் இனப்பெருக்கத்தில் புதியவர்கள் பெரும்பாலும் தோற்பது இந்த இடத்தில்தான் என்பதைப் பிறகு பலரிடம் பேசித் தெரிந்துகொண்டேன்.

அன்று நான் செய்தது, மீன் கடையில் ஒருவர் சொன்னபடி, அவித்த முட்டையின் மஞ்சள் கருவை மெல்லிய துணியில் முடிந்து ஒரு குவளைத் தண்ணீரில் பிழிந்து, பால்போல் வந்ததை வேளைக்கு ஒரு கரண்டி வீதம் தொட்டியில் ஊற்றியதுதான். இரண்டாம் நாள் தண்ணீர் லேசாகக் கலங்கியது. மூன்றாம் நாள் நீர்ப்பரப்பில் எண்ணெய்ப் படலம் போல ஒன்று மிதந்தது. முகர்ந்தால் வாடை அடித்தது. டார்ச் விளக்கைக் கண்ணாடியின் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தபோது, குஞ்சுகளின் வயிறு முதுகெலும்போடு ஒட்டிக்கொண்டு, தலை மட்டும் குண்டூசித் தலைபோல் பெரிதாகத் தெரிந்தது. சுற்றிலும் உணவு மிதக்க, அவை பட்டினியில் செத்துக்கொண்டிருந்தன.

இதற்குக் காரணங்கள் இரண்டு. புதிதாக நீந்தத் தொடங்கும் குஞ்சு அசையும் பொருளைத்தான் இரையென்று அறிந்து பாயும். மஞ்சள் கருவின் துகள் அசையாது, சற்று நேரத்தில் அடியில் படிந்து அழுகும். அழுகும்போது தண்ணீரில் அம்மோனியா ஏறி, உயிர்வளி குறைகிறது. கௌராமிக்கும் ஃபைட்டர் மீனுக்கும் இன்னொரு தொல்லையும் உண்டு. இவை காற்றை நேரடியாகச் சுவாசிக்க உதவும் உறுப்பு குஞ்சுகளுக்கு மூன்று நான்கு வாரங்களில்தான் உருவாகிறது. அப்போது அவை நீர்ப்பரப்புக்கு வந்து காற்றை விழுங்கியாக வேண்டும் என்பதால், மிகையாகப் போட்ட உணவின் கொழுப்புப் படலம் அங்கே படர்ந்திருந்தால், முதல் வாரத்தில் தப்பிய குஞ்சும் நான்காம் வாரத்தில் மூச்சுத் திணறிச் சாகும். மஞ்சள் கருவை முற்றிலும் தவறென்று நான் சொல்லவில்லை. ஊசி முனையளவு போட்டு, அரை மணி நேரத்தில் அடிமண்டியை உறிஞ்சி எடுக்கும் பொறுமை உள்ளவர்கள் அதை வைத்துக் குஞ்சுகளைக் காப்பாற்றியிருக்கிறார்கள். எனக்கு அந்தப் பொறுமை இல்லை.

எல்லா மீன்களுக்கும் முதல் உணவு ஒன்றாக இராது. கப்பி, மோலி, பிளாட்டி ஆகியவை குட்டி போடும் இனங்கள். பிறந்த அன்றே அவற்றின் வாய் பெரியது, நன்றாகப் பொடித்த உலர் தீவனத்தையும் அப்போதே பொரித்த ஆர்டீமியாவையும் (உப்புநீரில் வாழும், இறால் போன்ற சிற்றுயிர்) பிறந்த ஒரு மணி நேரத்தில் தின்னும். அதனால்தான் கப்பி வளர்த்துப் பழகியவர் கௌராமியிடம் வந்து ஏமாறுகிறார். ஏஞ்சல் குஞ்சு முட்டையிட்ட ஏறத்தாழ ஒரு வாரத்தில் நீந்தத் தொடங்கும்போதே ஆர்டீமியாவை விழுங்கும் அளவுக்கு வாய் திறந்திருக்கும். டிஸ்கஸ் குஞ்சுகளோ முதல் சில நாள் தாய் தந்தையின் உடலில் சுரக்கும் சளியைக் கொத்தித் தின்று வளர்பவை. அங்கே பெற்றோரே உணவு என்பதால் நாம் கவனிக்க வேண்டியது பெற்றோரைத்தான். கௌராமி, ஃபைட்டர், பல டெட்ரா இனங்கள் ஆகியவற்றின் குஞ்சுகளுக்கே கண்ணுக்கு எளிதில் தெரியாத உணவு வேண்டும். இரை குஞ்சின் கண்ணைவிடப் பெரியதாக இருக்கக் கூடாது என்று பழைய வளர்ப்பாளர் ஒருவர் எனக்குச் சொன்ன அளவுகோல் இதுவரை பொய்த்ததில்லை. புதிதாகப் பொரிந்த ஆர்டீமியா 400 முதல் 500 மைக்ரான் வரை இருக்கும், அதாவது ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். கௌராமிக் குஞ்சுக்கு முதல் வாரத்தில் அது நமக்கு முழுப் பலாப்பழம் போல.

அந்த முதல் வாரத்துக்கு உரியது இன்ஃபுசோரியா, அதாவது பாரமீசியம் போன்ற ஒற்றைச் செல் உயிர்களின் கலவை. இதை வளர்க்க எதையும் விலைக்கு வாங்க வேண்டியதில்லை. ஐந்து லிட்டர் கண்ணாடி ஜாடியில் ஒரு நாள் திறந்து வைத்துக் குளோரின் நீக்கிய தண்ணீரை முக்கால் அளவு ஊற்றி, பழைய மீன் தொட்டியின் தண்ணீரை ஒரு குவளை சேர்த்து, இரண்டு வாழைப்பழத் தோலை நறுக்கிப் போட்டு, வாயைக் கொசுவலைத் துணியால் கட்டி வெளிச்சமான நிழலில் வைக்க வேண்டும். இரண்டாம் நாள் தண்ணீர் பால்போல் வெளுத்து நாற்றமடிக்கும். அது பாக்டீரியா பெருகும் கட்டம். பலர் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து இதைக் கொட்டிவிடுகிறார்கள், நானும் இருமுறை கொட்டியிருக்கிறேன். நான்காம் அல்லது ஐந்தாம் நாள், அந்தப் பாக்டீரியாவைத் தின்னும் நுண்ணுயிர்கள் பெருகியதும் தண்ணீர் மெல்லத் தெளிந்து இளமஞ்சள் நிறம் பெறும், நாற்றமும் அடங்கும். அப்போது ஒரு கண்ணாடித் தம்ளரில் எடுத்து இருட்டான அறையில் டார்ச் அடித்துப் பார்த்தால், வெயில் கீற்றில் பறக்கும் தூசியைப் போல வெண்புள்ளிகள் மிதப்பது தெரியும். தூசி காற்றின் போக்கில் போகும். இவை தாமாகத் திரும்பித் திரும்பிப் போகும். அந்த வேறுபாட்டைக் கண் பழகிவிட்டால் நுண்ணோக்கி தேவையில்லை.

ஜாடி தயாராக ஐந்து நாள் ஆகிறது. கௌராமி முட்டை ஒன்றரை நாளில் பொரிந்து, அடுத்த மூன்று நாளில் குஞ்சு வயிற்றோடு ஒட்டிய கருவுணவைத் தீர்த்துவிட்டு நீந்தத் தொடங்குகிறது. முட்டையைப் பார்த்த பிறகு ஜாடி வைப்பவருக்கு உணவு அரை நாளாவது பிந்தியே கிடைக்கும், அந்த இடைவெளியில் குஞ்சு இரையைத் துரத்தும் வலிமையை இழக்கத் தொடங்கிவிடும். முழுதும் தளர்ந்தபின் உணவு வந்தாலும் தின்னாது. ஆகவே நான் இப்போது ஆணையும் பெண்ணையும் ஒரே தொட்டியில் விடுவதற்கு ஐந்து நாள் முன்பே முதல் ஜாடியையும், இரண்டு நாள் கழித்து இரண்டாவது ஜாடியையும் வைத்துவிடுகிறேன். இணை சேரவில்லையென்றால் இரண்டு வாழைப்பழத் தோல் வீண், அவ்வளவுதான். முதல் ஜாடி தீரும்போது இரண்டாவது தயாராக இருக்க வேண்டும், ஏனெனில் எந்த ஜாடியும் ஒரு வாரத்துக்கு மேல் வளத்தோடு நிற்பதில்லை. குஞ்சுத் தொட்டிக்குள் ஒரே தடவையில் கொட்டாமல், காற்றுக் குழாயில் முடிச்சுப் போட்டு, சொட்டுச் சொட்டாக நாள் முழுவதும் இறங்கும்படி விடுவது மிகச் சிறந்தது; வேலைக்குப் போகிறவர்களுக்கு இதைவிட வசதியான ஏற்பாடு இல்லை.

எட்டாம் நாள் அளவில் சில குஞ்சுகள் மற்றவற்றைவிடத் தடித்துத் தெரியும்போது ஆர்டீமியாவுக்கு மாறலாம். இதற்குச் செலவு உண்டு, ஆனாலும் இதற்கு நிகரான குஞ்சு உணவை நான் கண்டதில்லை. உலர்ந்த முட்டைகளாக டப்பாவில் வருகிறது. அமெரிக்காவின் உட்டா மாநிலத்தில் உள்ள பெரிய உப்பேரியிலிருந்து சேகரிப்பது புகழ்பெற்றது. ஒரு கிராமில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட முட்டைகள் இருக்கும் என்பதால், வீட்டளவில் வளர்ப்பவருக்கு நாளொன்றுக்கு அரைத் தேக்கரண்டியே தாராளம். இரண்டு லிட்டர் குளிர்பானப் பாட்டிலின் அடிப்பாகத்தை வெட்டிவிட்டுத் தலைகீழாகத் தொங்கவிட்டு, லிட்டருக்கு 25 முதல் 30 கிராம் வரை கல் உப்பைக் கரைத்து, ஒரு சிட்டிகை சமையல் சோடா சேர்த்து, ஏர் பம்ப்பின் குழாயை அடிவரை இறக்கி, முட்டைகள் எங்கும் தங்காமல் சுழலும்படி காற்றைத் திறந்துவிட வேண்டும். சமையல் சோடா நீரின் காரத்தன்மை குறையாமல் காக்கிறது. அது இல்லாமல் பொரிப்பு மந்தமாவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். 28 டிகிரி வெப்பத்தில் 24 மணி நேரத்தில் பொரிந்துவிடும். சென்னையின் சித்திரை வெயிலில் ஹீட்டர் வேண்டியதில்லை, மார்கழியில் அதுவே 36 மணி நேரம் வரை இழுக்கும், ஆகவே அந்தப் பருவத்தில் பாட்டிலுக்கு மேல் 40 வாட்ஸ் குண்டு பல்பு ஒன்றை எரியவிடுகிறேன். பொரிப்புக்கு வெளிச்சமும் வேண்டும் என்பதால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

பொரிந்ததும் காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால், வெற்று ஓடுகள் பழுப்பு நிறத்தில் மேலே மிதக்கும், பொரியாத முட்டைகள் அடியில் படியும், இளஞ்சிவப்பு மேகம் போன்ற குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கித் திரளும். பாட்டிலின் மேல்பகுதியைக் கறுப்புத் துணியால் மூடி, கழுத்தருகே விளக்கைக் காட்டினால் அவை அங்கே கூடும். முதலில் வரும் சிறிதளவைக் கழித்துவிட்டு, அடுத்து வருவதை நெருங்கிய நெய்தலுள்ள துணியில் வடித்து, நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசிக் கொடுக்க வேண்டும். ஓடுகளையும் சேர்த்துக் கொடுத்தால் அவை குஞ்சின் குடலை அடைத்துக்கொள்ளும். உப்பு நீரை அப்படியே ஊற்றுவதும் கூடாது.

கொடுக்கும் நேரமும் முக்கியம். பொரிந்த ஆர்டீமியா தன் உடலில் உள்ள கருவுணவை வைத்துத்தான் முதல் சில மணி நேரம் வாழ்கிறது. அரை நாள் கடந்தால் அதன் சத்தில் பெரும்பங்கு கரைந்து, அளவும் பெரிதாகி, வேகமாகவும் நீந்தும், அதாவது பிடிப்பது கடினமாகவும் தின்றால் பயன் குறைவாகவும் ஆகிவிடும். காலை ஆறு மணிக்குப் பொரித்ததை இரவு எட்டு மணிக்குக் கொடுத்து, குஞ்சுகள் ஏன் வளரவில்லை என்று கேட்டவர்களில் நானும் ஒருவன். இப்போது இரண்டு பாட்டில்களைப் பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் போடுகிறேன்; மிஞ்சுவதை உடனே ஃப்ரிட்ஜில் வைத்தால் சத்துக் கரைவது வெகுவாகக் குறைகிறது. தின்றதா இல்லையா என்பதில் ஐயமே வராது: கொடுத்த பத்து நிமிடத்தில் ஒவ்வொரு குஞ்சின் வயிறும் ஆரஞ்சு நிற முத்துபோல் உப்பித் தெரியும். வயிறு நிறமில்லாத குஞ்சு ஒன்றிரண்டு இருந்தால் அவை பின்தங்கியவை, அவற்றுக்கு இன்னும் இரண்டு நாள் இன்ஃபுசோரியா வேண்டும். அதனால் மாறும்போது இரண்டையும் மூன்று நான்கு நாள் சேர்த்தே கொடுக்கிறேன்.

டப்பாவைப் பாதுகாப்பதில் நான் பட்ட நட்டம் ஒன்று. ஐப்பசி மழையில் அரைகிலோ டப்பாவைத் திறந்து, மூடியை இறுக்காமல் மீன் அறை அலமாரியிலேயே வைத்திருந்தேன். முதல் வாரத்தில் நன்றாகப் பொரிந்தது, மூன்றாம் வாரத்தில் பாதிதான், கார்த்திகை பிறந்தபோது பாட்டிலின் அடியில் பழுப்புச் சேறு மட்டுமே இருந்தது. ஈரத்தை உறிஞ்சிய முட்டைகள் பாதி வழியில் விழித்துச் செத்திருந்தன. டப்பா திறந்த அன்றே சிறு கண்ணாடிக் குப்பிகளில் பிரித்து, ஈரம் உறிஞ்சும் சிலிகா பொட்டலம் ஒன்றை உள்ளே போட்டு, ஃப்ரீசரில் வைத்து, ஒரு குப்பி தீர்ந்த பிறகே அடுத்ததைத் திறப்பது என்பது அதற்குப் பிறகு வந்த வழக்கம்.

பெற்றோரின் உணவை இங்கே பின்னால் சொன்னாலும் வேலையில் அதுவே முதலில் வருகிறது. உலர் தீவனம் மட்டும் தின்னும் பெண் மீன் முட்டையிடும், ஆனால் எண்ணிக்கை குறையும், பூஞ்சை பிடிக்கும் முட்டைகள் கூடும். ஆணையும் பெண்ணையும் பத்து நாள் பிரித்து வைத்து உயிருணவு கொடுத்தால், பெண்ணின் வயிறு திரள்வதும் ஆணின் கழுத்தில் செம்மை ஏறுவதும் கண்ணெதிரே நடக்கும். எனக்குத் தெரிந்து இதற்குக் கொசுப்புழுவுக்கு இணை இல்லை. ஆனால் அதை வளர்ப்பது வேடிக்கை அல்ல. மொட்டைமாடியில் ஒரு டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பிக் கொசுப்புழு வளர்த்த நாள்களில், வீடு வீடாகச் சோதிக்க வந்த சுகாதாரப் பணியாளர் அதைத் திறந்து பார்த்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தது இன்னும் நினைவிருக்கிறது. மீனுக்கு என்று நான் சொன்ன விளக்கம் அவரிடம் எடுபடவில்லை, எடுபடாததும் நியாயமே. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடுகிறது, வெயில் காலத்தில் முட்டையிலிருந்து ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகிப் பறக்கிறது. ஊருக்குப் போய் நான்கு நாள் தங்கிவிட்டால் தெருவுக்கே நோய் வளர்த்தவனாகிவிடுவேன். அன்றே டிரம்மைக் கவிழ்த்தேன். நகரத்தில் வீட்டு மாடியில் இதைச் செய்யாதீர்கள் என்றே எல்லோருக்கும் சொல்கிறேன்.

அடுத்தது டியூபிஃபெக்ஸ், கடைகளில் வெறும் ‘புழு’ என்றே கேட்டு வாங்குவது. மலிவு, எந்த மீனும் மறுக்காது, பெண் மீன் விரைவில் முட்டை கட்டும். ஆனால் அது வாழும் இடம் சாக்கடையும் கழிவுநீர் ஓடையும் ஆகும். அந்தச் சேற்றின் கிருமிகளும் உலோக மாசும் அதனோடு வருகின்றன. வாங்கி வந்த மாலையிலேயே ஏஞ்சல் இணை ஒன்றுக்குப் போட்டேன். பத்து நாளில் பெண்ணின் வயிறு வீங்கி, செதில்கள் பலாத்தோல் போல் சிலிர்த்து நின்று, அது இறந்தது. புழுதான் காரணம் என்று என்னால் நிறுவ முடியாது, அந்தத் தொட்டியில் வேறெதுவும் மாறியிருக்கவில்லை என்பது மட்டும் தெரியும். இன்று கொடுக்க நேர்ந்தால், அகன்ற தட்டில் விரலளவு தண்ணீரில் போட்டுக் குழாயைச் சொட்டவிட்டு, இரண்டு நாள் அலசிய பிறகே கொடுக்கிறேன். நலமான புழு செந்நிறப் பந்தாகத் திரண்டிருக்கும், விரலால் தொட்டவுடன் மொத்தமாகச் சுருங்கும். சாம்பல் பூத்து, பந்து அவிழ்ந்து, தொட்டாலும் அசையாமல் கிடந்தால் முழுவதையும் செடிக்குக் கொட்டிவிடுகிறேன். குஞ்சுகளுக்கு எந்நாளும் கொடுப்பதில்லை.

இவ்விரண்டுக்கும் மாற்றாக நான் வந்து சேர்ந்தது மொய்னா. நீர்த் தெள்ளுப்பூச்சி எனப்படும் டாப்னியாவின் உறவு, அதைவிடச் சிறியது. வளர்ந்தது ஒரு மில்லிமீட்டர் அளவே இருக்கும் என்பதால் மூன்று வாரக் குஞ்சுக்கும் பெற்றோருக்கும் ஒன்றே போதும். நல்ல தண்ணீரில் வாழும் உயிராகையால் தின்னாமல் மிஞ்சினாலும் தொட்டியில் சாகாது, ஆர்டீமியாவோ சில மணி நேரத்தில் செத்துத் தண்ணீரைக் கெடுக்கும். நூறு லிட்டர் பிளாஸ்டிக் தொட்டியில், இரவு ஊறவைத்த கடலைப் பிண்ணாக்குக் கரைசலை ஒரு குவளை வடிகட்டி ஊற்றி, தண்ணீர் பச்சையேறத் தொடங்கியதும் ஒரு கைப்பிடி மொய்னாவை விட்டால் ஒரு வாரத்தில் பெருகும். உணவு நிறைவாக இருக்கும்வரை பெண்கள் மட்டுமே பிறந்து, ஆணின்றியே பெருகிக்கொண்டு போவது அதன் இயல்பு. தண்ணீரில் உயிர்வளி குறையும்போது அது செந்நிறம் கொள்ளும். முதன்முறை அந்தச் சிவப்பைப் பார்த்துச் செழிப்பென்று மகிழ்ந்து இன்னும் பிண்ணாக்கு ஊற்றினேன், மறுநாள் தொட்டி முழுவதும் செத்துப் போயிற்று. சிவந்தால் உணவை நிறுத்தி, பாதியை வாரி எடுத்துவிட வேண்டும். நாள்தோறும் கால் பங்குக்கு மேல் வாராமல், மூன்று தொட்டிகளை வெவ்வேறு நாளில் தொடங்கி வைத்தால் ஒன்று சரிந்தாலும் மற்றது கைகொடுக்கும். கொசுவலை கட்டாயம். கொசுவுக்காக மட்டுமல்ல, தட்டான் முட்டையிட்டு அதன் இளம்புழு உள்ளே வளர்ந்தால் மொய்னாவையும் தின்னும், வலையில் வாரும்போது குஞ்சுத் தொட்டிக்கு வந்து சேர்ந்தால் குஞ்சுகளையும் ஒவ்வொன்றாகப் பிடித்துத் தின்னும். ஒரு தட்டான் புழு நாற்பது ஏஞ்சல் குஞ்சுகளை எனக்கு இல்லாமல் ஆக்கியிருக்கிறது.

மைக்ரோ வார்ம் என்ற நூல்புழுவை ஓட்ஸ் கஞ்சியில் ஈஸ்ட் தூவி வளர்ப்பது எளிது, டப்பாவின் சுவரில் ஏறி வருவதை விரலால் வழித்துக் கொடுக்கலாம். ஆர்டீமியா பொரியாத நாளுக்கு அது காப்பு. ஆனால் அடியில் மூழ்கிவிடும், கௌராமிக் குஞ்சு மேல்மட்டத்தில் நீந்துவதால் பாதி வீணாகும். அடியில் மேயும் கோரிடோரஸ் குஞ்சுகளுக்கு அதுவே மிகப் பொருத்தம்.

அளவைப் பற்றி ஒரு சொல். குஞ்சுகளுக்கு நாளில் நான்கு ஐந்து முறை, ஒவ்வொரு முறையும் கால் மணி நேரத்தில் தீரும் அளவு மட்டும். கடைசி வேளை விளக்கணைப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே முடிந்துவிட வேண்டும். நாளும் காலையில் காற்றுக் குழாய் கொண்டு அடிமண்டியை உறிஞ்சி, எடுத்த அளவுக்கு, ஒரு நாள் திறந்து வைத்துக் குளோரின் நீக்கிய தண்ணீரையே ஊற்றுகிறேன். உறிஞ்சிய தண்ணீரை வெள்ளை வாளியில் பிடித்தால் தவறி வந்த குஞ்சுகளைக் கரண்டியால் மீட்கலாம். ஸ்பாஞ்ச் ஃபில்டரைத் தவிர வேறெந்த ஃபில்டரும் குஞ்சோடு உணவையும் இழுத்துக்கொள்ளும்.

ஐந்தாம் வாரத்திலிருந்து, பசியோடு இருக்கும் காலை வேளையில் பொடித்த உலர் தீவனத்தை முதலில் தூவி, அரை மணி நேரம் கழித்து ஆர்டீமியா கொடுத்துப் பழக்குகிறேன். முதல் இரண்டு நாள் வாயில் வாங்கித் துப்பும், மூன்றாம் நாள் விழுங்கும். கடந்த தையில் பொரிந்த கௌராமிகளில் 230 குஞ்சுகள் இந்தக் கட்டத்தைத் தாண்டின. கேட்டு வாங்கிப் போனவர்களுக்கு, அவை அதுவரை தின்ற அதே பொடியை ஒரு வாரத்துக்கு வேண்டிய அளவு சிறு பொட்டலமாகக் கட்டி மீனோடு கொடுத்தனுப்பினேன்.